தானாக விலகிய செயற்கைக்கோள்

புரொஜக்டர், நீளமான எக்ஸ்டென்ஷன் வயர், பள்ளிகளின் முகவரிகள், எந்தப் பள்ளியில் எந்தக் கணினிக்கு மவுஸ் வேலை செய்யாது என்ற விவரம், எந்தத் தலைமையாசிரியரிடம் காலையில் பேசக் கூடாது என்ற விவரம். பள்ளி பள்ளியாகப் போய் அறிவியல் காட்டும் நம் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேரிடமும் இவை எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன். அடுத்த வாரம் நான் கிளம்புகிறேன். எனக்கு ஓய்வு பெறும் வயதில்லை, வேறு வேலை கிடைத்திருக்கிறது. பட்டியல் போட்டு முடித்த பிறகும் அதில் எந்த வரிசையிலும் உட்காராத ஒன்று மிச்சம் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மென்பொருளை எப்படி ஓட்டுவது என்பதைச் சொல்லப் போவதில்லை. அது அரை நாளில் பழகிவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு ஈர்ப்பு விசையையும் சுற்றுப்பாதையையும் திரையில் காட்டுகிறோம். வகுப்பறையில் ஒரு கல்லைப் பூமியைச் சுற்றிவர எறிந்து காட்ட முடியாது, திரையில் முடியும். மெதுவாக எறிந்தால் விழுகிறது. மிக வேகமாக எறிந்தால் போயே போய்விடுகிறது. சரியான வேகத்தில் எறிந்தால் விழுந்துகொண்டே இருக்கிறது, ஆனால் தரையைத் தொடுவதில்லை. அந்த மூன்றாவது எறிதலின்போது வகுப்பிலிருந்து ஒரு சத்தம் வரும். அதைக் கேட்கத்தான் இத்தனை வருடமும் வெயிலில் பஸ் மாறி மாறிப் போனேன்.

ஆனால் நாம் சொல்லித்தராததையும் திரை சொல்லித்தரும். ஜீயபுரம் பக்கம் ஒரு பள்ளியில், ஈர்ப்பு இல்லாவிட்டால் நிலா நேர்கோட்டில் போய்விடும் என்று காட்டுவதற்காக, திரையில் ‘ஈர்ப்பு’ என்று எழுதிய கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். நிலா போனது. எல்லோருக்கும் புரிந்தது. அடுத்த வாரம் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “மிஸ், ராக்கெட் விடும்போது ஈர்ப்பை ஆஃப் பண்ணிட்டுத்தானே விடுவாங்க? அந்த சுவிட்ச் யாருகிட்ட இருக்கும்?” வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவள் பார்த்ததைத்தான் கேட்டாள். அன்றிலிருந்து டிக்கை எடுப்பதற்கு முன் ஒரு வாக்கியம் சொல்லிவிடுவேன்: “இது கணினியில மட்டும்தான் முடியும்.” நீங்களும் சொல்லுங்கள்.

அது சின்ன விஷயம். பெரியது ஸ்ரீரங்கத்தில் நடந்தது.

பள்ளிகளுக்கு இடையே ஒரு போட்டி வைத்திருந்தோம். திரையின் நடுவில் பூமி, அதைச் சுற்றி ஒரு பச்சை வளையம். செயற்கைக்கோள் அந்த வளையத்தின் நடுவிலிருந்து கிளம்பும். என்ன வேகத்தில் கிளம்ப வேண்டும் என்ற ஒரே ஒரு எண்ணைத்தான் பிள்ளைகள் தர வேண்டும். மணி அடிக்கும்வரை வளையத்துக்குள்ளேயே சுற்ற வேண்டும். இரண்டு அணியும் உள்ளே நின்றால், நடுக்கோட்டுக்கு நெருக்கமாக நிற்கும் அணிக்கு வெற்றி. அணிக்கு இரண்டு பேர். வெல்லும் அணிக்கு, மலை மேல் இருக்கும் ஒரு தொலைநோக்கி நிலையத்தில் ஒரு வாரக் கோடை முகாம். நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும்தான் அந்த முகாம். ஓர் அணிக்குத்தான் இடம்.

இறுதிச் சுற்றுக்கு இரண்டு அணிகள் வந்திருந்தன. ஒன்று பாலக்கரையிலிருந்து வந்த ஸ்டெல்லாவும் நர்கீஸும். இருவரும் எட்டாம் வகுப்பு. போன வருடமும் வந்து தோற்றவர்கள். ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள், அதற்குப் பிறகு முகாம் இல்லை. அவர்கள் பள்ளியில் மாலையில் கணினி அறையைப் பூட்ட வருபவர் தினமும் இவர்கள் எழுந்திருப்பதற்காக வாசலில் சாவியை ஆட்டிக்கொண்டு நிற்பார் என்று அவர்களுடைய ஆசிரியை சொல்லியிருந்தார். இன்னொன்று ஸ்ரீரங்கத்துப் பள்ளி ஒன்றின் வரதனும் அவன் நண்பனும். ஏழாம் வகுப்பு, கெட்டிக்காரர்கள்.

போட்டி நடந்த பள்ளியின் கணினி ஆசிரியர்தான் மைக்கையும் மவுஸையும் வைத்திருந்தார். நான் மதிப்பெண் பார்க்கும் மேசையில் இருந்தேன். சிறப்பு விருந்தினர் காவிரிப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்து சேர்ந்தார். அவருக்கு மாலை விமானம் வேறு. வந்து உட்கார்ந்ததிலிருந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை மேடையிலிருந்து கண்ணைக் காட்ட, கணினி ஆசிரியர், “சார் அவசரமா போகணும், சுருக்கா முடிச்சிடலாம்” என்று மைக்கில் சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

வரதன் அணி முதலில். அவர்கள் செயற்கைக்கோள் ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, மறுபக்கம் ஏறி, வளையத்தின் உள் ஓரத்தை உரசியபடியே போய், மெல்ல நடுவுக்கு வந்தது. மணி அடித்தது. அரங்கம் கைதட்டியது.

அடுத்து ஸ்டெல்லா அணி. கோடு சரியாக நடுவில் தொடங்கியது. இரண்டாவது சுற்று முதல் சுற்றுக்கு வெளியே விழுந்தது. மூன்றாவது அதற்கும் வெளியே. கொசுவத்திச் சுருளை உள்ளிருந்து வெளியே வரைவதுபோல விரிந்துகொண்டே போய் வளையத்தைத் தாண்டியது. “அவுட்!” என்றார் கணினி ஆசிரியர். மறுபடி கைதட்டல். விருந்தினர் பரிசுக் கோப்பையில் கை வைத்துவிட்டார்.

ஸ்டெல்லா அழவில்லை. நேராக என் மேசைக்கு வந்தாள்.

“மிஸ், அதை யாரும் தள்ளலை.”

“என்ன சொல்ற?”

“ஒரு தடவை வேகம் குடுத்து விட்டோம். அவ்ளோதான். அப்புறம் யாரும் தள்ளாம எப்படி மிஸ் சுத்து பெருசாகும்? தானா ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

நர்கீஸ் பின்னாலிருந்து சொன்னாள்: “நேத்து சாயங்காலம்கூட நின்னுச்சு மிஸ். இதே நம்பர்தான்.”

கணினி ஆசிரியர் மைக்கை மூடிக்கொண்டு, “தோத்தவங்க எல்லாரும் நேத்து நின்னுச்சுன்னுதான் சொல்லுவாங்க. விடும்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார். நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார்.

“எங்களுக்கு அடுத்த வருஷம் இல்லை சார்” என்றாள் ஸ்டெல்லா.

நான் திரையைப் பார்த்தேன். கீழே ‘நேரம்’ என்ற பட்டையில் இருக்கும் பொத்தான் வலது கோடி வரை இழுக்கப்பட்டிருந்தது. சீக்கிரம் முடிக்க வேண்டுமே என்று இழுத்திருக்கிறார். அவர் மட்டுமல்ல, நாற்பது நிமிட வகுப்பில் ஊரில் எல்லா ஆசிரியர்களும் செய்வதுதான்.

இதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். கணினிக்கு வட்டம் தெரியாது. செயற்கைக்கோள் இப்போது எங்கே இருக்கிறது, பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்கும். பிறகு நேராக ஓர் எட்டு வைக்கும். மறுபடி பார்க்கும், மறுபடி ஓர் எட்டு. எட்டுகள் சின்னதாக இருக்கும்வரை அது நம் கண்ணுக்கு வட்டம். நேரத்தை வேகமாக ஓட்டச் சொன்னால், நம் மென்பொருள் அதிக முறை பார்ப்பதில்லை, எட்டைத்தான் பெரிதாக்குகிறது. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய்விட்டு, பிறகு திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளியே. யாரும் தள்ளவில்லை என்று ஸ்டெல்லா சொன்னது சரி. தள்ளியது கணக்கு.

விருந்தினர் எழுந்துகொண்டிருந்தார். யோசிக்க எனக்குக் கிடைத்தது அவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தும் நேரம்தான். எனக்கு மூன்று வழி தெரிந்தது. ஒன்று, பரிசை வரதன் அணிக்கே கொடுக்கவிட்டு, ஸ்டெல்லாவிடம் தனியாக விளக்குவது. இரண்டு, ஸ்டெல்லா அணிக்கு மட்டும் இன்னொரு வாய்ப்புத் தருவது. மூன்று, இரண்டு ஓட்டமும் செல்லாது என்று எல்லோர் முன்னாலும் சொல்வது.

முதலாவதில் யாருக்கும் சங்கடமில்லை, ஸ்டெல்லாவைத் தவிர. இரண்டாவது நியாயம்போலத் தெரியும். ஆனால் அதே தவறான கணக்கில்தான் வரதனின் செயற்கைக்கோளும் ஓடியது. அதற்கு அந்தக் கணக்கு உதவியதா, இடைஞ்சல் செய்ததா என்று எனக்குத் தெரியாது. என் மடிக்கணினியில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமே என்று தோன்றியது. அங்கேதான் என்னை நிறுத்திக்கொண்டேன். ஓட்டிப் பார்த்துவிட்டால் யாருக்கு லாபம் என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு நான் எடுக்கும் எந்த முடிவும் ஒருவர் பக்கம் எடுத்த முடிவுதான். அதனால் தெரியாமலே மைக்கை வாங்கினேன்.

“இரண்டு ஓட்டமும் செல்லாது. தப்பு பிள்ளைகள் மேல இல்லை, கணினி போட்ட கணக்குல” என்றேன்.

அரங்கம் சலசலத்தது. ஏன் என்று காட்டாமல் அந்தச் சலசலப்பு அடங்காது. மேடை நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வரதனைக் கூப்பிட்டேன். “இதுதான் பூமி. நாற்காலியைப் பாரு, தோள் அதோட பக்கம் இருக்கிற மாதிரி திரும்பு, ஓர் அடி நேரா வை. மறுபடி பாரு, திரும்பு, ஓர் அடி.” அவன் நாற்காலியைச் சுற்றி வந்தான், ஏறக்குறைய கிளம்பிய இடத்துக்கே.

“இப்ப அஞ்சு அடி வச்சதுக்கப்புறம்தான் திரும்பணும்.”

முதல் ஐந்து அடியிலேயே நாற்காலியை விட்டு விலகினான். அடுத்த ஐந்தில் இன்னும். அதற்கடுத்த ஐந்தில் விருந்தினரின் மேசையில் போய் இடித்துக்கொண்டு நின்றான். பூங்கொத்து விழுந்தது. முன்வரிசையில் யாரோ, “தம்பி அப்படியே சமயபுரம் போயிடுவாரு போல!” என்றார். அரங்கம் சிரித்தது. வரதனும் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. புரிந்துகொண்டவர்கள்தான் அப்படிச் சிரிப்பார்கள்.

விருந்தினரும் சிரித்தார். “நல்லா சொல்றீங்கம்மா. ஆனா என் ஃப்ளைட் நிக்காது” என்று சொல்லி, கோப்பையைத் தலைமையாசிரியை கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே விவரிக்கவில்லை. “இனிமே உங்க ஆளுங்களை எப்படிம்மா கூப்பிடறது?” என்று மட்டும் கேட்டார். போட்டி சரியாக நடந்ததா என்பதை வைத்துக் கூப்பிடுங்கள் என்றேன்.

பட்டையின் பொத்தானை இடது ஓரத்துக்கு இழுத்து, வரதன் அணியின் அதே எண்ணை மறுபடி ஓட்டினேன். சின்ன எட்டுகள். செயற்கைக்கோள் வளையத்தின் நடுவிலிருந்து கிளம்பி, தாழ்ந்து, உள் ஓரத்தைத் தாண்டி, இன்னும் தாழ்ந்து பூமியில் விழுந்தது. ஒரு சுற்றுகூட முடியவில்லை. முதல் ஓட்டத்தில் அதைக் கீழே விழாமல் தூக்கிப் பிடித்திருந்தது அந்தப் பிழைதான்.

வரதனின் அம்மா எழுந்து முன்னால் வந்தார். “என்னம்மா இது? எல்லாரும் கைதட்டியாச்சு. கொழந்தையை மேல ஏத்திட்டு இப்படி இறக்கலாமா? கம்ப்யூட்டர் தப்பு பண்ணினா அவன் என்ன பண்ணுவான்?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் பதில் சொல்வதற்குள் வரதனே பேசினான்.

“மிஸ், நாங்க ஸ்கூல்ல எப்பவும் ஃபாஸ்ட்லதான் ஓட்டினோம். பீரியட் முடிஞ்சிடும்ல. சரியான நம்பர் போட்டா வெளியே வெளியே போச்சு. அதான் கொறச்சுக் கொறச்சுப் பாத்து இதைப் புடிச்சோம்.”

இதை எழுதும்போதும் எனக்கு அவன் மேல் மரியாதை வருகிறது. அவன் ஏமாற்றவில்லை, சோம்பவில்லை. தவறான இயந்திரத்தைச் சரியாகப் படித்திருந்தான். ஸ்டெல்லாவும் நர்கீஸும் மாலையில் அறை பூட்டும்வரை உட்கார்ந்து நிதானமாக ஓட்டியவர்கள், அதனால் அவர்களுக்கு வேறோர் இயந்திரம் பழகியிருந்தது. இரண்டு அணியும் உண்மையாக உழைத்து வேறு வேறு விடைக்கு வந்திருந்தார்கள். ஆகவே அவன் எண் விழுந்ததை வைத்தும் முடிவு சொல்ல முடியாது.

“ரெண்டு அணிக்கும் அஞ்சு நிமிஷம். கையில காகிதம், பென்சில். கணினியைத் தொடக் கூடாது. எண்ணை மாத்தணும்னா மாத்திக்கலாம். அப்புறம் ஒரே ஒரு ஓட்டம், மெதுவா” என்றேன். வரதனின் அம்மாவிடம், “இது உங்களுக்குச் சரியா இருக்கா?” என்று கேட்டேன். அவர் மகனைப் பார்த்தார். அவன் ஏற்கெனவே பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். “ஆரம்பிச்சுட்டான்” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

ஸ்டெல்லாவும் நர்கீஸும் காகிதத்தைத் தொடவில்லை.

“மாத்தலையா?”

“இல்லை மிஸ்” என்றாள் ஸ்டெல்லா.

“இன்னொரு தடவை யோசிச்சுப் பாக்கலையா?”

“அதை நேத்தே யோசிச்சாச்சு மிஸ்” என்றாள் நர்கீஸ். அவள் அன்று இரண்டாவது முறையாக வாய் திறந்தது அப்போதுதான்.

வரதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். எவ்வளவு கூட்டுவது என்பதை அவன் ஊகிக்கத்தான் முடிந்தது. அவன் செயற்கைக்கோள் இந்த முறை விழவில்லை. வளையத்துக்குள் அழகாகப் போய், பூமிக்கு அந்தப் பக்கம் வெளி ஓரத்தைக் கொஞ்சம் தாண்டி, திரும்ப உள்ளே வந்தது. “ச்சே, ஒரு துளி அதிகம்” என்று தானே சொல்லிக்கொண்டான்.

பிறகு ஸ்டெல்லா அணி. மெதுவான ஓட்டம் என்றால் உண்மையாகவே மெதுவாக இருக்கும். விருந்தினர் போய்விட்டார். வந்தவர்களில் பாதிப் பேர், கொடுத்த முறுக்குப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கணினி ஆசிரியர், தன் கை தவறிக்கூட மவுஸில் பட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். புள்ளி நகர்ந்து பூமிக்கு அந்தப் பக்கம் போய், வந்து, தான் தொடங்கிய இடத்தைத் தொட்டது. இரண்டாவது சுற்றில் புதுக் கோடு எதுவும் தெரியவில்லை, பழைய கோட்டின் மேலேயே விழுந்தது. மூன்றாவதும் அப்படியே. மணி அடிக்கச் சொன்னேன். அடிக்க வேண்டியவர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றதால் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

கோப்பையைத் தலைமையாசிரியை கொடுத்தார். புகைப்படம் எடுக்க யாரும் இல்லை, நான் எடுத்தேன். வரதன் என்னிடம் வந்து, “அடுத்த வருஷம் ஸ்லோவாதானே மிஸ் வைப்பீங்க?” என்று கேட்டு உறுதி வாங்கிக்கொண்டு போனான். தலைமையாசிரியை பிறகும் எங்களைக் கூப்பிட்டார், இந்த வருடமும் கூப்பிட்டிருக்கிறார். உங்களில் ஒருவர்தான் போகப் போகிறீர்கள். போனதும் முதல் வேலையாக அந்தப் பட்டையில் பொத்தான் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இரண்டாவதாக, பிள்ளைகள் எந்த வேகத்தில் பழகினார்கள் என்று கேளுங்கள்.

அடுத்த வாரம் நான் பாலக்கரைப் பள்ளிக்குப் போயிருந்தபோது மதிய இடைவேளை. கணினி அறையில் ஸ்டெல்லாவும் நர்கீஸும் இருந்தார்கள். திரையில் அதே செயற்கைக்கோள், அதே எண், மெதுவான ஓட்டம். டிபன் பாக்ஸ் திறக்கப்படாமல் பக்கத்தில் இருந்தது.

“ஜெயிச்சாச்சே, இன்னும் என்ன?”

“காலையில ப்ரேயருக்கு முன்னாடி போட்டுவிட்டோம் மிஸ். இப்ப வந்து பாத்தா கோடு தடியா இருக்கு.” ஸ்டெல்லா விரலால் திரையைத் தொட்டுக் காட்டினாள். “ஸ்லோல வச்சாலும் விலகுது. கொஞ்சமா.”

“ஆமா. எட்டு எவ்வளவு சின்னதா இருந்தாலும் அது நேரான எட்டுதானே. கொஞ்சம் விலகத்தான் செய்யும்.”

“அப்ப நாங்க ஜெயிச்சது?”

“மணி அடிக்கிற வரைக்கும் உங்க பிழை கோட்டோட தடிமனுக்குள்ள இருந்துச்சு. பிழையே இல்லாத கணக்கை யாரும் கேக்கலை. எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சா போதும்.”

நர்கீஸ் ஒரு டிபன் பாக்ஸைத் திறந்து ஸ்டெல்லா பக்கம் தள்ளினாள்.

“மலையில நிஜ நிலாவைக் காட்டுவாங்கல்ல மிஸ்? அது எட்டு வச்சுப் போறதில்லையே. அது விலகாதுல்ல?”

“நிஜ நிலாவும் விலகிக்கிட்டுதான் இருக்கு ஸ்டெல்லா. வருஷத்துக்கு ஒரு சில சென்டிமீட்டர்.”

இருவரும் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள்.

“அங்கயும் கணக்கு தப்பா?”

“இல்லை. அங்க கணக்கே கிடையாது. நிஜமாவே ஒண்ணு தள்ளுது.”

“எது மிஸ்?”

சொல்லியிருக்கலாம். கடலின் ஏற்ற இறக்கத்தில் தொடங்கி ஐந்து நிமிடத்தில் கரும்பலகையில் முடித்திருப்பேன். வாய்வரை வந்துவிட்டது.

“முகாம்ல கேளு” என்றேன்.

“அவங்களுக்குத் தெரியலைன்னா?” என்றாள் ஸ்டெல்லா.

நர்கீஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “ஒரு வாரம் இருக்குல்ல. நம்மளே பாத்துக்கலாம்டி.”